நாளாகமத்தில் முடியும் புத்தகம்

மருத்துவமனைத் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பிரசவ வார்டின் கதவைத் திறந்துகொண்டு வந்த நர்ஸ் நேராக என்னிடம் வந்து நின்றார்.

"சாரே, எழுந்திருக்கண்டா. உக்காந்தே கேளுங்கோ. உங்க வீட்டுக்காரி நன்னா இருக்கா. கஞ்சி வெள்ளம் குடிச்சா. குழந்தை இல்லே, சாரே. உள்ளேயே போயிடுத்து."

அவர் இரண்டடி நடந்தார். திரும்பி வந்தார்.

"உங்க வீட்டுக்காரி நன்னா இருக்கா. கஞ்சி வெள்ளம் குடிச்சா, கேட்டோ."

முதலில் சொன்னதையே மறுபடியும் சொல்லிவிட்டுப் போனார். அவரை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான். அந்தத் துக்கத்திலும், சொன்னதையே எதற்குத் திரும்பச் சொல்கிறார் என்று ஒரு சின்ன எரிச்சல் எழுந்தது நினைவிருக்கிறது.

எல்லோரும் அவரை சிஸ்டர் என்றே அழைத்தார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். கொச்சியைச் சேர்ந்த யூதப் பெண். நர்ஸ் வேலைக்காகத் திருவனந்தபுரத்துக்குத் தனியாக வந்திருந்தார். ஆரியசாலைக்குப் பின்புறம் நாங்கள் குடியிருந்த வீட்டின் மாடியறை காலியானபோது என் மனைவிதான் அவரை அங்கே குடிவைத்தாள். யுத்தத்துக்கு முந்தைய ஆண்டுகள் அவை. மலையாளம் அவருக்குத் தாய்மொழி. தமிழை வார்டில் கற்றுக்கொண்டார். கரமனை அக்ரகாரத்து மாமிகளும் சாலைக் கடைத்தெரு வியாபாரிகளின் மனைவிமாரும் பிரசவ வலியில் பேசிய தமிழ் அது. எல்லாம் கலந்து வரும்.

அவருடைய சமையலறை தனி. எங்கள் வீட்டு இறைச்சியைத் தொடமாட்டார். என் மனைவி முதலில் சற்று முகம் சுளித்தாள். "கரமனை மாமிகளெக் காட்டிலும் கஷ்டமாணு எங்க அடுக்களை. கோவிச்சுக்கண்டா, மோளே," என்றார் சிஸ்டர். அதன்பிறகு இருவரும் அக்கா தங்கை ஆகிவிட்டார்கள்.

அவர்கள் சட்டப்படி செதிள் உள்ள மீனைத்தான் வாங்குவார். அதனால் மீன்காரியோடு வாரம் ஒருமுறையாவது சண்டை வரும்.

"இதிலே செதிள் எங்கேடீ?"

"நீங்க செதிளு தின்னானோ வாங்கறது, மீனு தின்னானோ?"

தெரு முழுக்கக் கேட்கும். மீன்காரி கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நாலு வீடு தாண்டியிருப்பாள். சிஸ்டர் மாடியிலிருந்து கூப்பிடுவார்: "எடீ, நேத்து நீ கொண்டுவந்தது நல்ல மீனாயிருந்தது, கேட்டோ!"

"அது முந்தாநாளாணு!" என்று கத்திவிட்டுப் போவாள் அவள்.

எந்தப் பேச்சையும் கெட்ட சொல்லில் முடியவிட மாட்டார். இதுதான் அவர். மருத்துவமனையில் மற்ற நர்ஸுகள் அவருக்கு 'ரெண்டாந்தடவை சிஸ்டர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். என் மனைவி ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டாள்: "கெட்டது கெட்டதுதானே அக்கா? அதுக்குப் பொட்டு வச்சு எதுக்கு அனுப்புதியோ?"

"கெட்டதெ நான் மறைக்கல்லே, மோளே. சொல்லிப்போட்டுத்தானே திரும்பறேன்? முன்னாடி ஒரு நல்லது இருந்ததோ இல்லையோ, அதெ மறக்கண்டான்னு சொல்றேன்."

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு சனிக்கிழமைதான் தெரிந்தது. சனிக்கிழமைகளை அவர் தன் தோழிகளிடம் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்து வாங்கிக்கொள்வார். அவர்களுக்கு ஓய்வுநாளான அன்று அடுப்பு மூட்டமாட்டார். பிற்பகலில் தகப்பனார் விட்டுச்சென்ற எபிரேய வேதத்தை எடுத்துவைத்து உரக்க வாசிப்பார். நான் கீழே படுத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். நான் நாஞ்சில் நாட்டுக் கிறிஸ்தவன். உபதேசிமாரைப் பயிற்றுவிக்கும் ஒரு மிஷன் பள்ளியில் பழைய ஏற்பாடு நடத்திக்கொண்டிருந்தேன். எபிரேயம் கொஞ்சம் வரும். கொஞ்சம் என்று இப்போது சொல்கிறேன். அப்போது நிறைய வரும் என்று நினைத்திருந்தேன்.

அன்று அவர் மல்கியா தீர்க்கதரிசியின் நூல் முடிவை வாசித்தார். கடைசி வரியை வாசித்ததும் அதற்கு முந்தைய வரியை மறுபடியும் வாசித்து நிறுத்தினார். வரி தவறிவிட்டார் என்று நினைத்து, "அந்த வரி ஆயிற்று, சிஸ்டர்!" என்று படிக்கட்டிலிருந்து குரல் கொடுத்தேன்.

மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது. "அறியும், சாரே. கடைசி வரியில தேசத்தெ சபிக்கறது. அதிலெ நிறுத்தப் படாது. முந்தின வரிக்குத் திரும்பிப் போய்த்தான் மூடணும். ஏசாயாவுக்கும் அப்பிடித்தான், புலம்பலுக்கும் பிரசங்கிக்கும் அப்பிடித்தான். எங்க வழக்கமாணு."

அதிலிருந்து எங்களுக்குள் ஒரு வழக்கு தொடங்கியது. அது என்னவென்று விளக்காவிட்டால் நான் செய்தது விளங்காது.

எங்கள் பழைய ஏற்பாடு சட்டம், சரித்திரம், பாட்டு, தீர்க்கதரிசனம் என்று போய் மல்கியாவில் முடிகிறது. யூதருக்கும் அதே நூல்கள்தான். ஆனால் அவர்கள் அதை மூன்று கட்டாக வைத்திருக்கிறார்கள். முதலில் சட்டமாகிய தோரா. பிறகு தீர்க்கதரிசிகள், நாங்கள் சரித்திரம் என்று சொல்கிற யோசுவாவும் சாமுவேலும் இராஜாக்களும் இந்தக் கட்டில்தான் வரும். மல்கியா இந்த இரண்டாம் கட்டோடு முடிந்துவிடும். மூன்றாவது கட்டுக்கு 'எழுத்துகள்' என்று பெயர். நாங்கள் தீர்க்கதரிசி என்று கொண்டாடும் தானியேல் அங்கே சங்கீதத்துக்கும் யோபுக்கும் பின்னால் இருக்கிறார். ரூத் நியாயாதிபதிகளின் பக்கத்தில் இல்லை. உன்னதப்பாட்டு, புலம்பல், பிரசங்கி, எஸ்தர் என்பவற்றோடு ஐந்து சிறு நூல்களில் ஒன்றாக இருக்கிறாள். எல்லாவற்றுக்கும் கடைசியில் நாளாகமம். அடிமைப்பட்டுப் போன ஜனத்தைப் பார்த்து, யாருக்கு விருப்பமோ அவர்கள் ஊருக்கு ஏறிப் போகட்டும் என்று அந்நிய ராஜா ஒருவன் உத்தரவு கொடுக்கிறான். அந்த உத்தரவோடு முழு வேதமும் முடிகிறது.

"பாருங்கோ சாரே, எங்க புஸ்தகம் ஏறிப் போகட்டேன்னு நிக்கறது. உங்க புஸ்தகம் சாபத்திலெ நிக்கறது," என்பார் சிஸ்டர்.

"எங்களுக்கு அது முடிவே இல்லையே. அடுத்த பக்கத்தில் புதிய ஏற்பாடு தொடங்குகிறது. மல்கியா அதற்கு வாசல்."

"அதாணு நானும் சொல்றது. உங்களுக்கு அடுத்தாப்பல ஒரு புஸ்தகம் உண்டு. எங்கே வேணும்னாலும் நிறுத்தலாம். எங்களுக்கு இல்லே, கேட்டோ. அதனாலெ பாத்து நிறுத்தறோம்."

விளையாட்டாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். ஆனால் பதில் சொல்ல முடியாதது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அதைப் பள்ளியில் சொல்லிவைத்தேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். உடன் வேலைபார்த்த ஆசிரியர் ஒருவர், என்னைக் காணும்போதெல்லாம், "ஓய் எபிரேயு பண்டிதரே! நர்ஸம்மா இந்த வாரமும் உமக்கு ஊசி குத்தி அனுப்பிட்டாளாமே?" என்று கேட்க ஆரம்பித்தார். மாணவர்கள் முன்னிலையிலும் கேட்டார்.

சிஸ்டரின் தாயார் கொச்சியில் மூத்த மகனோடு இருந்தார். கண் போய்விட்டிருந்தது. அந்த வேதத்தைக் கொச்சிக்கு அனுப்பும்படி அவர் பல முறை கேட்டிருந்தார். கண் தெரியாவிட்டாலும் தடவிப் பார்த்து, தாளின் கனத்தை வைத்தே வேண்டிய இடத்தைத் திறந்துவிடுவாராம். பக்கத்தில் இருப்பவர் வாசிக்க வேண்டும். புத்தகத்தின் முதுகு பிய்ந்து தாள்கள் ஆடிக்கொண்டிருந்தன. புதிதாகத் தைத்து, தோல் போட்டு, தானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று சிஸ்டர் ஆசைப்பட்டார். நான் தினமும் சாலைக் கடைத்தெரு வழியாகப் போகிறவன். என்னிடம் கொடுத்தார்.

சாலையில் கடைக்கணக்குப் புத்தகங்கள் தைக்கிற திருநெல்வேலிக்காரர் ஒருவர் இருந்தார். அவர் முன்னால் உட்கார்ந்து நான் அந்த வேதத்தை எங்கள் வரிசைக்கு மாற்றினேன்.

தெரியாமல் செய்தேன் என்று பிற்பாடு சிலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். அந்தப் பதிப்பில் ஒவ்வொரு நூலும் புதுத் தாளில் தொடங்கும். ஒவ்வொன்றின் கடைசித் தாளின் அடியிலும், அடுத்து வரும் நூலின் முதற்சொல்லைச் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அந்தச் சொற்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தபிறகுதான் நூல்களை இடம் மாற்றினேன். ரூத்தை எடுத்து நியாயாதிபதிகளின் பின்னால் வைத்தேன். தானியேலை எசேக்கியேலின் பக்கத்தில் வைத்தேன். நாளாகமத்தை நடுவில் செருகினேன். மல்கியாவைக் கடைசியில் வைத்தேன். வாதத்தில் சொல்ல முடியாத பதிலை ஊசியும் நூலும் வைத்துச் சொல்கிறோம் என்ற குதூகலம் எனக்கு இருந்தது. ஊழியம் செய்கிறோம் என்ற நினைப்பும் அதோடு சேர்ந்திருந்தது. இரண்டில் எது பெரியது என்று இன்றும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பைண்டர் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். "சார், இது மடிப்பு மடிப்பாத் தச்சிருக்கு. நீங்க சொல்லுதபடி மாத்தணும்னா மடிப்ப வெட்டித் தனித் தாளாக்கணும். வெட்டினா பெறவு பழைய மாதிரி ஆக்க முடியாது, பாத்துக்கிடுங்க."

"வெட்டுங்க, அண்ணாச்சி."

"அந்த அம்மாகிட்ட கேட்டாச்சுல்லா?"

"கேட்டாச்சு," என்றேன்.

சிஸ்டர் அதைத் திறந்து பார்ப்பார், 'சாரே!' என்று கத்துவார், இருவரும் சிரிப்போம், வழக்கு தொடரும் என்று எண்ணியிருந்தேன். ஆனால் பைண்டர் தாமதம் செய்துவிட்டார். சிஸ்டர் லீவில் புறப்பட்ட காலையில்தான் புத்தகம் கைக்கு வந்தது. காகிதம் சுற்றி நூல் கட்டியிருந்ததை அப்படியே ரயிலடிக்குக் கொண்டு ஓடினேன். ரயிலில் கொல்லம் போய், அங்கிருந்து படகில் கொச்சி போவார்.

"பிரிச்சுப் பார்க்கலையா?" என்று கேட்டேன்.

"வேண்டாம், சாரே. அம்மை பிரிக்கட்டே. புதுத் தோலோட மணம் அம்மைக்கே முதல்ல கிட்டட்டும்."

ரயில் நகர இன்னும் நேரம் இருந்தது. ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நான் வண்டிக்காரன் பேரம் பேசியதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

லீவு முடியும் முன்பே திரும்பிவிட்டார். மாடிக்குக்கூடப் போகவில்லை. பெட்டியைக் கூடத்தில் வைத்துவிட்டு, நின்றபடியே சொன்னார்.

"அம்மை தடவிப் பாத்தது. மணத்திப் பாத்தது. முத்தம் வச்சது. பின்னெ கடைசித் தாளெ விரல் வச்சு எடுத்து, வாசின்னு அண்ணன்கிட்ட நீட்டிச்சு. ஏறிப் போகட்டேங்கறதெக் கேக்க ஆசை. அண்ணன் வாசிக்கல்லே. என்னடான்னு அம்மை கேட்டது. மல்கியா இருக்குன்னான்."

என் மனைவி என்னைப் பார்த்தாள்.

"தெருவிலெ மூத்த ஆளுகளெக் கூட்டிண்டு வந்தா. ஒவ்வொரு தாளா மறிச்சுப் பாத்தா. இது பாதிரிமாரோட வரிசை, மாறித் தைச்சதில்லே, அறிஞ்சு தைச்சதுன்னு சொன்னா. ஒத்தைக்கு இருக்கற பொண்ணு, கிறிஸ்தியானி வீட்டு மாடியிலெ தாமசம். எல்லாருக்கும் முந்தியே பயம் உண்டு. நீ அவாளோட சேந்தாச்சோன்னு அம்மை கேட்டது. இல்லேம்மான்னு நான் சத்தியம் பண்ணினேன். பின்னெ யாரு இப்பிடித் தைக்கச் சொன்னதுன்னு கேட்டது. எனக்குப் பதில் இல்லே, சாரே. சாலையிலெ கணக்குப் புஸ்தகம் தைக்கறவனுக்குத் தானியேல் எங்கே உக்காரணும்னு எப்பிடி அறியும்?"

"நான்தான்," என்றேன்.

"அதே. படகிலெ வரச்சே எனக்கும் தோணித்து."

கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "அம்மைக்குத் தாகம்னு வெள்ளம் கொண்டுபோனேன். என் கையிலேர்ந்து வாங்கல்லே. அண்ணன் பொண்டாட்டி கொடுத்தப்போதான் குடிச்சது." விரித்த கையை மடக்கிக்கொண்டு, "நீங்க வந்து சொல்லணும், சாரே. நான் சொன்னா ஆரும் நம்பறதில்லே. நீங்க செஞ்சதுன்னு நீங்க சொன்னா அம்மை நம்பும். அம்மைக்கு அதிக காலம் இல்லே," என்றார்.

"கட்டாயம் வர்றேன். இப்போ பரீட்சைத் தாள் திருத்தணும். கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்திடறேன்."

"சரி," என்று பெட்டியை எடுத்தார். நாலு படி ஏறியவர் இறங்கி வந்தார். தொட்டிலில் எங்கள் மகள் கிடந்தாள். அவர் கையில் பிறந்தவள். அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "மோளுக்குச் சளி குறைஞ்சிருக்கு," என்று என்னிடம் சொல்லிவிட்டு மேலே போனார்.

அன்று என் மனைவி சொன்னாள்: "நாளைக்கே புறப்பட்டுப் போங்கோ. பரீட்சைத் தாளு காலு முளச்சு ஓடிரவா போவுது?"

தாள்கள் இருந்தது உண்மை. அவற்றை ஒரு வாரத்தில் திருத்தியிருக்கலாம். உண்மையான காரணம் வேறு. நான் புத்தகத்தைத் தைத்த கதையைப் பள்ளியில் சொல்லியிருந்தேன். அந்த ஆசிரியர் என் முதுகில் தட்டி, "இப்பத்தான் ஓய் நீர் பண்டிதர்!" என்றார். தலைமைப் பாதிரியார் வரைக்கும் அது எட்டியது. அவர் புன்னகை செய்தார் என்று கேள்வி. வேதத்தைக் கிறிஸ்தவ வரிசையில் வைத்ததற்காக யூதத் தெருவுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவந்தான் என்ற பேச்சு அதே பாதிரியார் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று பயந்தேன். வேலை போயிருக்காது என்று இப்போது தெரிகிறது. புன்னகைதான் போயிருக்கும்.

அதன்பிறகு சிஸ்டர் இரண்டு முறை கொச்சிக்குப் போய்வந்தார். ஒவ்வொரு முறையும் புறப்படுவதற்கு முன் கூடத்தில் வந்து சற்று நேரம் உட்கார்ந்திருப்பார். ஒன்றும் கேட்கமாட்டார். நானும் தலையைக் குனிந்துகொண்டு தாள் திருத்துவேன்.

கிறிஸ்துமஸுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது தந்தி வந்தது. சிஸ்டர் போய்ச் சேர்வதற்குள் தாயாரின் அடக்கம் முடிந்திருந்தது.

திரும்பி வந்தவர் மேலும் ஓராண்டு எங்கள் மாடியில்தான் இருந்தார். என் மனைவியோடு பழையபடி பேசினார், மகளைக் கொஞ்சினார், மீன்காரியோடு சண்டை போட்டார். சனிக்கிழமைகளில் வாசிக்கும் சத்தம் மட்டும் கேட்கவில்லை. பிறகு பம்பாயில் ஒரு மருத்துவமனைக்குப் போய்விட்டார். புறப்பட்டபோது நான் பள்ளியில் இருந்தேன், இருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

நான் கொச்சிக்குப் போனேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். அந்தக் கிறிஸ்துமஸ் லீவிலேயே, வீட்டில் ஊருக்கு என்று சொல்லிவிட்டுப் போனேன். சிஸ்டரின் அண்ணன் சந்தையில் முட்டை வியாபாரம் செய்கிறவர். கடையிலேயே கண்டுபிடித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சினமோ வியப்போ அவர் முகத்தில் தெரியவில்லை. முட்டைகளை உமியில் புதைத்து அடுக்கி முடித்தார்.

"அவள் பறஞ்ஞிருந்நு, தாமசிக்கற வீட்டிலே ஒருத்தன் செஞ்சதுன்னு. அம்மை விசுவசிச்சில்ல. ஆனாலும் காத்திருந்நு," என்றார். "படகோட மணி கேக்கும்போதெல்லாம் விசாரிக்கும், ஆ தமிழன் வந்நோன்னு. அவன் வந்து பறஞ்ஞால் அவள் கையிலேர்ந்து வெள்ளம் வாங்கலாம்னு சொல்லும்."

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"என்னோடு பறஞ்ஞிட்டு என்ன காரியம்? வரூ," என்று கடையை அடைத்தார்.

அவர்களுடைய இடுகாடு தென்னைகளுக்கு நடுவே இருந்தது. புது மண் இன்னும் அமுங்கியிருக்கவில்லை. "இனி பறயூ. அம்மைக்குத் தமிழ் அறியில்லா. நான் மலையாளத்தில சொல்லிக் கொடுக்காம்," என்றார்.

நான் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னேன். அவர் மண்ணைப் பார்த்து ஒவ்வொன்றாக மலையாளத்தில் சொன்னார். புத்தகத்தைப் பிரித்தது நான். உங்கள் மகளுக்கு அது தெரியாது. அவர் உங்கள் வழக்கத்திலிருந்து ஒரு நாளும் விலகவில்லை. கேட்டாயிற்றா என்று பைண்டர் கேட்டபோது பொய் சொன்னேன். ரயிலடியில் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. எதையும் கூட்டாமல் குறைக்காமல் அவர் சொல்லிக்கொண்டே வந்தார்.

"முன்பே வந்திருப்பேன். பரீட்சைத் தாள்கள் இருந்தன," என்றேன்.

அவர் காத்திருந்தார். அதை மலையாளத்தில் சொல்லவில்லை. அடுத்து என்ன என்பதுபோல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

நான் அதைத் திரும்பச் சொல்லவில்லை.